பெரணியின் மணமுறை: ஒரு கருத்து பிறந்து, வளர்ந்து, மாறிய வரலாறு

ஓசூரின் தொழிற்சாலைகளைப் பின்னே விட்டுத் தெற்கு நோக்கிச் செல்லுங்கள். தளியைக் கடந்தால் கர்நாடக எல்லையை ஒட்டி ஜவளகிரிக் காடு விரிகிறது. யானைகளுக்குப் பெயர் பெற்ற காடு இது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். இங்கே வருகிறவர்கள் யானையைத்தான் தேடுவார்கள். நாமோ இன்று அதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய ஓர் உயிரைத் தேடப் போகிறோம்.

பெரணி என்றவுடன் ஊட்டியும் கொடைக்கானலும்தான் நம் நினைவுக்கு வரும். எப்பொழுதும் ஈரம் சொட்டும் சோலைகளில், மரம் போல் வளர்ந்து நிற்கும் பெரணிகளை அங்கே காணலாம். ஆனால் ஜவளகிரி போன்ற வறண்ட மலைக்காடுகளுக்கும் அவற்றுக்கே உரிய பெரணிகள் உண்டு. பாறை இடுக்குகளில், சின்னஞ்சிறு பனையோலை விசிறி போல் மயிற்சிகை வளரும். இலையின் அடிப்புறம் வெண்மாவு பூசினாற்போல் இருக்கும் வெள்ளிப் பெரணியும் பாறைகளை நாடும் செடியே. அதன் இலையை உள்ளங்கையில் அழுத்தி எடுத்தால் வெள்ளை அச்சு அப்படியே பதியும். கோடையில் இவை சுருண்டு, செத்தவை போலக் கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் மீண்டும் பச்சை பிடிக்கும்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. பெரணிக்குப் பூ இல்லை, விதை இல்லை. மகரந்தத்தைச் சுமந்து செல்ல வண்டும் வருவதில்லை. அப்படியானால் ஒரு பாறை இடுக்கில் வாழும் பெரணிக்குத் துணை ஏது? அது தன்னைத் தானே மணந்து கொள்கிறதா, பக்கத்துப் பெரணியை மணக்கிறதா, அல்லது மணமே இல்லாமல் வாழ்கிறதா? சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இக்கேள்வியை அறிவியலாளர்கள் பல்லாண்டுகள் விவாதித்தனர். அந்த விவாதத்தில் திருவனந்தபுரத்துக்கும் இலங்கைக்கும் பாளையங்கோட்டைக்கும்கூடப் பங்கு உண்டு. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

ஒரு செடி, இரண்டு வாழ்க்கை

பெரணி இலையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகளையோ கோடுகளையோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிலர் அவற்றைப் பூச்சி நோய் என்று எண்ணி இலையைக் கிள்ளி எறிந்து விடுவதும் உண்டு. அவை ஸ்போர்ப்பைகளின் கூட்டம். அவற்றிலிருந்து சிதறும் தூள்தான் ஸ்போர்கள்.

இந்தத் தூளிலிருந்து செடி முளைப்பதை ஜமைக்காவில் மருத்துவராக இருந்த ஜான் லிண்ட்சே என்பவர் கண்டு, 1794-ல் வெளியிட்டார். ஆனால் முளைத்தவுடன் பெரணி தோன்றவில்லை. முதலில் விரல்நகத்தைவிடச் சிறியதாக, இதய வடிவில், பச்சைத் தகடு ஒன்று உண்டாயிற்று. இதற்கு முன்னுடலம் என்று பெயர். இந்தத் தகட்டில் நீந்திச் செல்லும் ஆண் செல்கள் இருப்பதை நேகெலி என்ற அறிஞர் 1844-ல் கண்டார். அதே தகட்டில் முட்டைச் செல்லும் இருப்பதையும், அங்கேதான் கருவுறுதல் நடக்கிறது என்பதையும் போலந்து நாட்டுப் பிரபுவான லெஷ்சிட்ஸ் சுமின்ஸ்கி 1848-ல் காட்டினார். 1851-ல் ஜெர்மானியரான ஹாஃப்மைஸ்டர் இவற்றையெல்லாம் இணைத்து, பெரணிக்கு இரு தலைமுறைகள் மாறி மாறி வருகின்றன என்று விளக்கினார். பள்ளிப் பாடத்தில் 'சந்ததி மாற்றம்' என்று நாம் படிப்பது இதைத்தான்.

இதை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். நாம் பார்க்கும் பெரிய பெரணிச் செடியின் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக உள்ளன. ஸ்போர் உண்டாகும்போது அவை பிரிந்து, ஒரு ஸ்போருக்கு ஒரு தொகுதி மட்டுமே கிடைக்கிறது. அந்த ஸ்போர் முளைத்து உண்டாகும் முன்னுடலத்திலும் ஒரே தொகுதிதான். ஆண் செல் நீரில் நீந்தி முட்டையை அடைந்த பின்னரே மீண்டும் இரண்டு தொகுதிகள் சேருகின்றன. ஆகவே பெரணியின் 'திருமணம்' நடப்பது, நம் கண்ணுக்கு எளிதில் படாத இந்தச் சிறு தகட்டின் மேல், ஒரு துளி நீரில்.

ஒரே அடியில் ஒன்றாகிவிடும் செடி

பெரும்பாலான பெரணிகளில் ஸ்போர்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. ஒரே முன்னுடலத்தில் ஆண் செல்லும் முட்டையும் உண்டாக முடியும். அப்படியானால் ஒரு முன்னுடலத்தின் ஆண் செல் அதே முன்னுடலத்தின் முட்டையைச் சேர்ந்தால் என்ன ஆகும்?

பட்டாணிச் செடியும் தன் மகரந்தத்தால் தானே கருவுறுகிறது. ஆனால் அதன் இரு ஜீன் பிரதிகளும் வேறுபட்டிருந்தால், அந்த வேறுபாடு தலைமுறைக்குப் பாதி பாதியாகத்தான் குறையும். பத்துத் தலைமுறைக்குப் பிறகும் தொடக்கத்தில் இருந்ததில் 1024-ல் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். பெரணியின் கதை வேறு. முன்னுடலம் முழுவதும் ஒரே ஸ்போரிலிருந்து, ஒரே ஒரு குரோமோசோம் தொகுதியுடன் வளர்ந்தது. அதன் ஆண் செல்லும் முட்டையும் அச்சுப் பிசகாத நகல்கள். அவை சேர்ந்தால் பிறக்கும் செடியில் ஒவ்வொரு ஜீனின் இரு பிரதிகளும் ஒன்றேயாக இருக்கும். பட்டாணிக்குப் பல தலைமுறைகள் பிடிக்கும் வேலையைப் பெரணி ஒரே அடியில் முடித்து விடுகிறது!

ஒரு வகையில் இது பெரும் வசதி. காற்றில் பறந்து வரும் ஒற்றை ஸ்போர் எங்கே விழுந்தாலும் தனியாகவே ஒரு குடியை நிறுவிவிடலாம். 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்து, தீவின் தாவரங்கள் யாவும் அழிந்த பின், 1886-ல் அங்கே சென்ற டிரூப் என்ற தாவரவியலார் 11 வகைப் பெரணிகளைக் கண்டார். காற்று அவற்றின் ஸ்போர்களைக் கடல் கடந்து கொணர்ந்திருந்தது.

ஆனால் வசதிக்கு விலையும் உண்டு. ஜீன்களில் வேறுபாடு இல்லாத குடி, ஒரு புதிய நோயையோ கடும் வறட்சியையோ எதிர்கொள்ளும்போது எல்லாச் செடிகளும் ஒன்று போலவே நிற்கும். விழுந்தால் எல்லாம் ஒன்றாகவே விழும். இவ்வளவு ஆபத்தான முறையை வைத்துக் கொண்டு பெரணிகள் எப்படிப் பல கோடி ஆண்டுகள் நிலைத்தன? புதிரின் முதல் பாதி இதுவே.

எண்ணி மாளாத குரோமோசோம்கள்

புதிரின் மறுபாதி நம் பக்கத்திலிருந்து வந்தது. பெரணிகளின் குரோமோசோம்கள் எண்ணிக்கையில் மிகுதி, எண்ணுவது கடினம். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியை ஐரீன் மேன்டன், செல்களைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பரப்பிப் பார்க்கும் முறையைத் திறம்படக் கையாண்டு இந்தத் தடையை வென்றார். 1950-ல் வெளியான அவருடைய நூல் இத்துறைக்கு அடிக்கல் ஆயிற்று. பிறகு அவர் நம் அண்டை நாடான இலங்கைக்கு வந்தார். ஸ்லெட்ஜ் என்பவருடன் சேர்ந்து இலங்கைப் பெரணிகளை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1954-ல் வெளியிட்டார். வெப்பமண்டலப் பெரணிகளின் குரோமோசோம்களைப் பெரும் அளவில் உலகுக்குக் காட்டிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று.

அதே 1954-ல் திருவனந்தபுரத்தில் ஆபிரகாம், நைனான் என்ற இருவர், பெங்களூரிலிருந்து வெளியாகும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். மழைக்குப் பின் புல்வெளியில் தலைகாட்டும் ஒரு சிறு பெரணியை அவர்கள் ஆராய்ந்திருந்தனர். ஒற்றை இலை, நாக்கு நீட்டினாற்போல் ஒரு கதிர், அவ்வளவுதான் அச்செடி. ஓபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்பது அதன் பெயர். அதன் செல்லில் இருந்த குரோமோசோம்கள் 1260-ஐ ஒட்டி இருந்தன! மனிதச் செல்லில் உள்ளவை 46 என்பதே 1956-ல்தான் உறுதியாயிற்று. அதுவரை 48 என்று எண்ணியிருந்தனர். மனிதனின் குரோமோசோமையே சரிவர எண்ணி முடிக்காத காலத்தில், ஓர் அடி உயரம்கூட வளராத செடியில் ஆயிரத்துக்கு மேல் எண்ணிக் காட்டிய உழைப்பை எண்ணிப் பாருங்கள். பின்னர் 1990-ல் இதே இனத்தில் 1440 குரோமோசோம்கள் கொண்ட செடிகளும் இந்தியாவில் பதிவாயின. நாமறிந்த உயிர்களில் மிக உயர்ந்த எண்ணிக்கைகளில் ஒன்றாக அது விளங்குகிறது.

1962-ல் ஆபிரகாம் குழுவினர் தென்னிந்தியப் பெரணிகள் நூறு இனங்களின் குரோமோசோம்களை ஒருங்கே வெளியிட்டனர். பாளையங்கோட்டை தூய சேவியர் கல்லூரியின் மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளின் குரோமோசோம் ஆய்வை 1988-ல் நூலாகவே தந்தனர். இந்த எண்களெல்லாம் ஒன்றையே கூறின. பூக்கும் தாவரங்களைவிடப் பெரணிகளுக்குக் குரோமோசோம்கள் மிக அதிகம்.

1966: அழகான ஒரு கருத்து

இரண்டு புதிர்களையும் ஒரே சாவியால் திறக்க முயன்றவர்கள் அமெரிக்கரான எட்வர்ட் கிளெகோவ்ஸ்கியும் ஹெர்பர்ட் பேக்கரும். 1966-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை மூன்று சராசரிகளை வரிசைப்படுத்திக் காட்டியது. ஒரே வகை ஸ்போர் உள்ள பெரணிகளில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 57 குரோமோசோம்கள். பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ 16. ஆண் ஸ்போர், பெண் ஸ்போர் என்று இரு வகை ஸ்போர் உள்ளவற்றிலோ ஏறத்தாழ 14 மட்டுமே.

இந்த மூன்றாம் வகை நமக்கு அந்நியமானதன்று. வயல் வரப்பிலும் ஏரிக் கரையிலும் நான்கு இதழ் போன்ற இலையுடன் வளரும் ஆரைக்கீரை இவ்வகைப் பெரணிதான். அதன் ஆண் ஸ்போரிலிருந்து ஆண் செல்லும், பெண் ஸ்போரிலிருந்து முட்டையும் தனித்தனியே உண்டாவதால், ஒரே முன்னுடலத்துக்குள் மணம் நடக்க வழியே இல்லை. அதன் குரோமோசோம் தொகுதி 20 மட்டுமே.

கிளெகோவ்ஸ்கியும் பேக்கரும் வாதிட்டது இதுதான்: 'ஒரே வகை ஸ்போர் உள்ள பெரணிகள் வழக்கமாகத் தம்மையே மணந்து கொள்கின்றன. அதனால் வேறுபாடு அழிய வேண்டும். அதை ஈடுகட்டவே அவை குரோமோசோம் தொகுதிகளைப் பன்மடங்காகப் பெருக்கிக் கொண்டன. ஒரு தொகுதியில் தொலைந்த வேறுபாடு மற்றொரு தொகுதியில் சேமிப்பாக இருக்கும், தேவைப்படும்போது வெளிப்படும்.' வீட்டுச் செலவுக்குக் கையில் பணம் இல்லாதவர் பானைக்குள் சேமித்து வைத்ததை எடுப்பது போல என்று இதைச் சொல்லலாம்.

எவ்வளவு பொருத்தமான விளக்கம்! சுமார் இருபது ஆண்டுகள் இக்கருத்து ஆட்சி செய்தது. ஆனால் அறிவியலில் பொருத்தமாக இருப்பது மட்டும் போதாது. சோதனையில் நிற்க வேண்டும்.

கூழில் ஓடிய சாட்சிகள்

அதே 1966-ல் லெவோன்டினும் ஹப்பியும் பழ ஈக்களில் ஒரு புதிய சோதனையைச் செய்து காட்டியிருந்தனர். இதற்கு எலெக்ட்ரோபோரெசிஸ் என்று பெயர். இதைப் பெரணிக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். இலையை அரைத்துச் சாறு எடுத்து, மாவுச்சத்தால் செய்த கட்டிக்கூழின் ஓரத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். சாற்றிலுள்ள நொதிகள் தத்தம் மின்னேற்றத்துக்கு ஏற்ப வெவ்வேறு தூரம் ஓடும். பிறகு சாயம் ஏற்றினால் அவை நின்ற இடங்கள் கோடுகளாகத் தெரியும். ஒரு நொதிக்குரிய ஜீனின் இரு பிரதிகளும் ஒன்றேயானால் ஒரே கோடு. வேறுபட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள். கண்ணுக்குத் தெரியாத ஜீனை இவ்வாறு கோடாகக் காணலாம்.

1980-களில் அமெரிக்காவில் ஹாஃப்லர், சோல்டிஸ் தம்பதியர், கேஸ்டனி ஆகியோர் காட்டுப் பெரணிகளை இம்முறையில் ஆராய்ந்தனர். பழைய கருத்து சரியாக இருந்தால் இரண்டு காட்சிகள் தெரிய வேண்டும். ஒன்று, பெரணிகள் தம்மையே மணப்பதால், வேறுபட்ட இரு பிரதிகள் கொண்ட செடிகள் அநேகமாக இருக்கக் கூடாது. இரண்டு, பல குரோமோசோம் தொகுதிகள் சேமிப்பாக இருந்தால், ஒவ்வொரு நொதிக்கும் கூடுதலான கோடுகள் தெரிய வேண்டும்.

இரண்டுமே தெரியவில்லை!

பல இனங்களில் வேறுபட்ட பிரதிகள் கொண்ட செடிகள் ஏராளமாக இருந்தன. செடிகள் கண்டபடி ஒன்றோடொன்று கலந்து மணந்தால் கணக்குப்படி எத்தனை இருக்க வேண்டுமோ, ஏறக்குறைய அத்தனை. அதாவது அவை பெரும்பாலும் அயலாரையே மணந்திருந்தன. இரண்டாவதாக, குரோமோசோம்கள் அதிகமாக இருந்தும் நொதிக் கோடுகள் சாதாரணப் பூக்கும் தாவரங்களில் உள்ள அளவே இருந்தன. சேமிப்புப் பானையைத் திறந்து பார்த்தால் காசு இல்லை. தொகுதிகள் எப்போதோ பெருகியிருக்கலாம். ஆனால் கூடுதல் பிரதிகள் காலப்போக்கில் ஊமையாகி விட்டன என்று ஹாஃப்லர் 1987-ல் விளக்கினார்.

இந்த விளக்கத்துக்குப் பிற்காலத்தில் வலுவான துணை கிடைத்தது. செரடோப்டெரிஸ் என்ற நீர்ப்பெரணியின் முழு ஜீன் தொகுப்பு 2022-ல் வெளியிடப்பட்டது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் குரோமோசோம்கள் இரட்டித்தன என்பதும், அதன் பின் கூடுதல் ஜீன்கள் மிகப் பெருமளவில் இழக்கப்பட்டன என்பதும் அதில் தெளிவாயின.

அண்டை வீட்டுக்கு ஒரு கடிதம்

ஒரே முன்னுடலத்தில் ஆணும் பெண்ணும் இருந்தும், அயல் மணம் எப்படி நடக்கிறது? இதற்கான விடையின் முதல் நூல் 1950-லேயே கிடைத்திருந்தது. ஜெர்மானியரான வால்டர் டோப், முதிர்ந்த முன்னுடலங்கள் வளர்ந்த ஊடகத்தில் இளம் முன்னுடலங்களை வைத்தபோது, அவை விரைவாக ஆண் உறுப்புகளை உண்டாக்கியதைக் கண்டார். முதலில் முளைத்தது வளர்ந்து முட்டை உண்டாக்கத் தயாராகும்போது, ஒரு வேதிப்பொருளைச் சுற்றிலும் கசியவிடுகிறது. பிந்தி முளைத்த சிறிய முன்னுடலங்கள் அதைப் பெற்றதும் ஆண்களாக மாறி விடுகின்றன. இப்பொருளுக்கு ஆந்த்ரீடியோஜன் என்று பெயர்.

செரடோப்டெரிஸில் இதைத் தெளிவாகக் காணலாம். தன்னந்தனியே முளைத்த ஸ்போர் ஆணும் பெண்ணும் ஒன்றாய்ச் சேர்ந்த முன்னுடலமாகும். கூட்டத்தில் முளைத்தாலோ பிந்தி வந்தவற்றுள் பெரும்பாலானவை ஆணாகும். துணை இருந்தால் அயல் மணம். இல்லாவிட்டால் தன் மணம். இரண்டுக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-ல் இதில் ஒரு வியப்பான நுட்பத்தை வெளிப்படுத்தினர். லைகோடியம் என்னும் கொடிப் பெரணியில் மூத்த முன்னுடலம் முழுமையான செய்திப்பொருளை அனுப்புவதில்லை. அரைகுறையாகத் தயாரித்த ஒன்றையே அனுப்புகிறது. இளம் முன்னுடலம் அதை உறிஞ்சி, எஞ்சிய வேலையைத் தானே செய்து முடித்து, தன்னை ஆணாக்கிக் கொள்கிறது. பாதிச் சமையலை ஒரு வீட்டிலும் மீதியை மறுவீட்டிலும் முடிப்பது போல!

சுவரில் வாழும் தனியர்கள்

அப்படியானால் கிளெகோவ்ஸ்கி முழுக்கத் தவறா? இல்லை. தன் மணமே வழக்கமாகக் கொண்ட பெரணிகளும் இருக்கத்தான் செய்கின்றன. குரோமோசோம் தொகுதிகள் நான்கு கொண்ட இனங்கள், இரண்டு கொண்டவற்றைவிடத் தன் மணத்தை எளிதாகத் தாங்குகின்றன.

சுவிட்சர்லாந்தில் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் வளரும் ஒரு சிறு பெரணியை ஷ்னெல்லர், ஹோல்டரெக்கர் ஆகியோர் 1990-களில் ஆராய்ந்தனர். பல சுவர்களில் எல்லாச் செடிகளும் ஒரே ஜீன் வகையாக இருந்தன. ஒற்றை ஸ்போர் வந்து விழுந்து, தன்னையே மணந்து, சுவர் முழுதும் பரவியதன் அடையாளம் அது. பழைய, பெரிய சுவர்களிலோ ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருந்தன. காலம் செல்லச் செல்லப் புதிய ஸ்போர்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பழங்கிணற்றின் உட்சுவரை எட்டிப் பாருங்கள். அங்கே தொங்கும் பெரணிகளும் இப்படி ஒரு ஸ்போரின் வாரிசுகளாக இருக்கலாம். பல ஸ்போர்களின் கூட்டாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. ஒரு கிணற்றுக்குள்ளே வேறுபாடு இல்லாமல், கிணற்றுக்குக் கிணறு வேறுபாடு இருக்கவும் கூடும். இது மிக முக்கியமான செய்தி; இதற்குப் பிறகு வருவோம்.

மணமே வேண்டாம் என்பவை

ஜவளகிரிப் பாறைக்கு இப்போது திரும்புவோம். ஆண் செல் நீந்துவதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் கொதிக்கும் பாறையில் அந்தச் சில மணி நேர ஈரம்கூட நிச்சயமில்லை. என்ன செய்வது?

1874-ல் ஃபார்லோ என்ற அமெரிக்க மாணவர், ஒரு பெரணியின் முன்னுடலத்திலிருந்து, முட்டையும் ஆண் செல்லும் சேராமலேயே, நேராக இளஞ்செடி முளைப்பதைக் கண்டார். இதற்கு அபோகமி என்று பெயர். மணமில்லாப் பிறப்பு என்று நாம் சொல்லலாம். இத்தகைய பெரணி, ஸ்போர் உண்டாக்கும்போது ஒரு தந்திரம் செய்கிறது. ஸ்போர்ப்பைக்குள் கடைசிச் செல் பிரிவை முழுமையாக்காமல் குரோமோசோம்களை இரட்டித்துக் கொள்கிறது. அதன் பிறகே அவற்றைப் பாதியாக்குகிறது. ஆகவே ஸ்போரிலும் தாய்ச்செடியின் குரோமோசோம்கள் அப்படியே முழுமையாக இருக்கும். மகள் தாயின் நகல்.

நம் வறண்ட மலைகளின் பெரணிகளில் இது அரிதன்று. வெள்ளிப் பெரணிக் குழுவின் இந்திய, ஆப்பிரிக்கச் செடிகளை மேன்டன், ராய், ஜாரெட் ஆகியோர் 1960-களில் ஆராய்ந்தபோது, ஒரே பெயரில் வழங்கிய செடிகளுக்குள் பல வகைகள் ஒளிந்திருந்தது தெரிந்தது. இலை நுனி தரையைத் தொட்டு வேர்விட்டு 'நடந்து' செல்லும் அடியாண்டம் லுனுலேட்டம் என்ற பெரணியும் அப்படியே. அதில் மணம் புரிந்து வாழும் செடிகளும் உண்டு. குரோமோசோம் தொகுதிகள் மூன்று கொண்டு, மணமின்றி வாழும் செடிகளும் உண்டு. மூன்று தொகுதி என்றால் இரண்டாகப் பிரிக்க முடியாது. ஆகவே முறையான மணம் அவற்றுக்கு இயலாது. அபோகமி அவற்றுக்கு உயிர்காக்கும் வழி.

மாணவர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பள்ளியில் உள்ள சாதாரண நுண்ணோக்கி போதும். முதிர்ந்தும் வெடிக்காத ஒரு ஸ்போர்ப்பையை ஊசிமுனையால் எடுத்து, ஒரு துளி நீரில் வைத்து மெல்ல உடையுங்கள். உள்ளே இருக்கும் ஸ்போர்களை எண்ணுங்கள். மணம் புரியும் பெரும்பாலான பெரணிகளில் 64 இருக்கும். 16 தாய்ச் செல்கள் ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்தவை அவை. மணமில்லாதவற்றிலோ பெரும்பாலும் 32. கடைசிப் பிரிவு முழுமையடையாததால் 8 தாய்ச் செல்களே மிஞ்சியதன் விளைவு அது. சில குழுக்களில் இந்தக் கணக்கு மாறுவதும் உண்டு. ஆகவே ஒரு பையோடு நிறுத்தாமல் பத்துப் பைகளை எண்ணுங்கள். இதற்காகக் காட்டுக்குள் போக வேண்டாம். காப்புக் காட்டில் அனுமதியின்றி நுழைவதும் செடி பறிப்பதும் குற்றம், யானைகளும் உண்டு. கிணற்றுச் சுவரும் கோயில் மதிலும் போதும்.

இதனால் நமக்கு என்ன?

பெரணி யாரை மணந்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். இரண்டு பதில்கள் உண்டு.

முதல் பதில் கிளெகோவ்ஸ்கியிடமிருந்தே வருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்லர்ஸ் என்ற ஆறு ஓடுகிறது. காகிதத் தொழிற்சாலைக் கழிவு அதில் கலந்து வந்தது. அதன் கரையில் வளர்ந்த ஆஸ்முண்டா பெரணியை அவரும் பெர்கரும் ஆராய்ந்து, குரோமோசோம் பழுதுகள் மிகுந்திருந்ததை 1976-ல் வெளியிட்டனர். முன்னுடலத்தில் ஒரே தொகுதி குரோமோசோம்களே இருப்பதால், ஒரு ஜீன் கெட்டால் அதை மூடி மறைக்க மறு பிரதி கிடையாது. ஆகவே நீரில் கலந்த நஞ்சு உயிரின் மூலத்தைத் தாக்குகிறதா என்பதைப் பெரணி விரைவில் காட்டிக் கொடுக்கும். அவருடைய பெரிய கருத்து வீழ்ந்தது. ஆனால் அக்கருத்துக்காக அவர் வளர்த்த சோதனை முறை ஆற்றின் மருத்துவராக மாறிற்று. தொழிற்சாலையும் ஆறும் அருகருகே உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும். தென்பெண்ணை ஆறு ஓடும் ஓசூர் வட்டாரத்துக்கும்தான்.

இரண்டாவது பதில் பாறையைப் பற்றியது. கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. குன்றுகளை வெட்டியெடுக்கும்போது, 'இந்தப் பெரணிதான் வேறு எத்தனையோ குன்றுகளில் இருக்கிறதே' என்று நாம் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அயல் மணம் புரியும் பெரணியில், ஒரு குன்றிலேயே பல வேறுபாடுகள் கலந்திருக்கும். தன் மணமோ மணமின்மையோ உள்ள பெரணியில், ஒரு குன்றின் செடிகள் ஒன்று போல் இருந்தாலும், அடுத்த குன்றில் உள்ளது வேறு வகையாக இருக்கலாம். முதல் வகையில் ஒரு பெரிய கூட்டத்தைக் காத்தால் பெரும்பகுதி வேறுபாடு பிழைக்கும். இரண்டாவதில் பல சிறு கூட்டங்களைக் காத்தாக வேண்டும். ஒரு குன்று போனால் ஒரு வகையே போய்விடக் கூடும். எதைக் காப்பது என்பதை அதன் மணமுறையை அறியாமல் முடிவு செய்ய இயலாது.

திருவனந்தபுரத்திலும் இலங்கையிலும் பாளையங்கோட்டையிலும் கண் வலிக்க நுண்ணோக்கியில் குரோமோசோம் எண்ணியவர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் எண்ணினார்கள், மற்றொருவர் அதிலிருந்து ஒரு கருத்தைக் கட்டினார், இன்னொரு தலைமுறை அதைச் சோதித்துத் திருத்திற்று. எண்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு நாம் சொல்லும் பொருள்தான் மாறியிருக்கிறது.

ஆகவே நண்பர்களே, அடுத்த மழைக்குப் பின் உங்கள் ஊர்க் கிணற்றையோ மதிலையோ உற்றுப் பாருங்கள். ஈரமான செங்கல்லின் மேல், விரல்நகத்தைவிடச் சிறிய பச்சை இதயங்கள் தென்படும். 64-ஆ, 32-ஆ என்று எண்ணிக் குறித்து வையுங்கள். ஊர்ப்பெயரும் நாளும் சேர்த்து நீங்கள் எழுதும் அந்த எண்ணும், நாளைக்கு யாரோ ஒருவரின் கருத்தைத் தாங்கவோ திருத்தவோ போகிறது.